கம்பம் ஊன்றுமுன் கடதாசி வேலையை முடியுங்கள்

வெளிநாட்டிலிருந்து மாசி மாதத்தில் இலங்கையின் மலையகத்துக்குச் சென்று, அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிருக்கு எதை உடுத்துவது, அட்டைக்கு எதைப் பூசுவது என்பவை உங்களுக்குத் தெரிந்தவையே. தெரியாதது, ஊரில் உங்கள் பெயரைச் சொல்லி எடுத்து வைத்திருக்கும் கடதாசிக் கட்டு.

முதலில் நாள் குறிக்கும் விஷயம். இக்கூத்துக்கு நுழைவுச்சீட்டும் கிடையாது, அச்சிட்ட நிகழ்ச்சி நிரலும் கிடையாது. மாசி வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். மதனுக்கும் ரதிக்கும் வேடம் கட்டும் ஆண்கள் இருவரும் விரதம் காப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, காமன் தகனமாவான். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் முன்பின்னாக அமையும் என்பதால், கோவில் கமிட்டித் தலைவரையோ கூத்து வாத்தியாரையோ தொலைபேசியில் கேட்பதே நம்பகமான வழி. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தை ஒட்டியே வீதிக்கு வருகின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மலைப்பாதை அந்தக் கணக்கை மதிப்பதில்லை.

தங்குவதற்கு ஹட்டன் வசதியானது. பகற்பொழுதைக் கழிக்கக் கண்டிக்கு அருகே ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925 இல் கட்டிய தொழிற்சாலையில் பழைய இயந்திரங்களைத் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி அங்கே நிறையவே அறியலாம். கொழுந்து பறித்தவர்களைப் பற்றி அறிய வேண்டுமானால், கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான பழைய லயமொன்றையே அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பதைப் போய்ப் பாருங்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதற்கு எங்கள் வீட்டு இஸ்தோப்பில் வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இனி, கடதாசி. தகனத்துக்கு முந்தைய நாள் மாலை நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மதினி சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கட்டை மடியில் வைத்தார். ஆண் தொழிலாளி 55 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளலாம், அண்ணனுக்கு 58. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், அவருக்கு நான்கெழுத்துப் பெயர், அடையாள அட்டையில் எட்டெழுத்துப் பெயர். இருவரும் ஒருவரே என்பதை யாராவது எழுதி ஒப்பமிட்டால்தான் காசு வரும். “நீ போய் இங்கிலீஷில் பேசினால் ஒரே நாளில் முடியும் தம்பி” என்றார் அண்ணன். பௌர்ணமியன்று போயா விடுமுறை, மறுநாள் சனிக்கிழமை. ஆகவே தகன நாளான வியாழக்கிழமையை விட்டால் வேறு வேலைநாள் இல்லை.

காலை எட்டரைக்கு நகரத்து அலுவலகம் ஒன்றின் முன் வரிசையில் நின்றோம். பதினொரு மணிக்கு ஒரு படிவம் கிடைத்தது, முழுவதும் சிங்களத்தில். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான். அந்தப் படிவத்துக்கு அது எட்டியிருக்கவில்லை. தமிழ் வாசிக்கும் உத்தியோகத்தர் லீவில். தோட்டத்துக் கிளாக்கரின் கடிதத்தைக் காட்டினோம். கிராம சேவகரின் கையெழுத்தைக் கேட்டார்கள். ஓட்டோ பிடித்து அதையும் வாங்கி வந்து நீட்டினோம். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, நகல் மூன்று எடுத்து, முத்திரை ஒட்டி வரச் சொன்னார்கள். நான் ஆங்கிலத்தில் பேசினேன். அந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, அதே பதிலைச் சிங்களத்தில் அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் கோபப்படவில்லை. பத்து வருடங்களுக்கு மேல் ரதி வேடம் கட்டியவர் அவர். முதுகு வளையத் தொடங்கிய பிறகு, ரதிக்குச் சேலை கட்டிவிடுவது அவர் பொறுப்பானது. பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி, “இந்நேரம் பிள்ளைக்கு அரிதாரம் பூசத் தொடங்கியிருப்பாங்க” என்றார். சேலைக் கொசுவத்தை எண்ணுவதுபோல் அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. சமாதான நீதவான் வீடு திரும்ப இரவு ஏழரை ஆயிற்று. கடைசி பஸ் போய்விட்டது. ஓட்டோக்காரர் தோட்டத்துச் சந்தியோடு நிறுத்திக்கொண்டார்; பாதை அப்படி. பனிமூட்டத்தில் மூன்று மைல் நடந்தோம். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்குப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் வந்தபோது அண்ணன் நின்று காதுகொடுத்து, “தூதன் ஓலையோட வந்துட்டான்” என்றார். அடுத்த வளைவில், “வீரபத்திரனைக் கயிறு கட்டி இழுக்கிறாங்க” என்றார். அதன்பின் சத்தம் நின்றது, அவரும் பேசவில்லை. ஒரு காலத்தில் விடிய விடிய நடந்த கூத்தை எங்கள் தோட்டத்தில் இப்போது நள்ளிரவோடு முடித்துவிடுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொட்டலில் கரும்பு கருகிய வாசனையும், சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும்தான் மிச்சம்.

உறவினர் மீது குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அந்த எட்டெழுத்துப் பெயரை எழுதியவனே நான்தான். நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு 1988 இல் வந்த சட்டத்தால் குடியுரிமை கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தோம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், வயது பதினைந்து. செக்ரோல் பெயர் தோட்டத்துப் பெயராகப் பட்டது. அதைத் திருத்தி, அழகான கையெழுத்தில் நீட்டி எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதை இதுவரை சொல்லிக் காட்டியதில்லை, கிராம சேவகர் “இதை யார் நிரப்பியது?” என்று கேட்டபோதும் சொல்லவில்லை.

ஆகவே, புறப்பட ஆறு மாதம் முன்பே வீட்டிலுள்ள பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, செக்ரோல் பெயர் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலக வேலைக்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த வாரம் கம்பம் ஊன்றுவதற்கு முன் முடியட்டும். கூத்துக்குக் காசு கொடுப்பதானால் கமிட்டியிடம் கொடுங்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. நாங்கள் பனியில் நடந்துகொண்டிருந்த நேரத்தில், “லண்டனிலிருந்து வந்து நம்மோடு அமர்ந்திருக்கும் தம்பி” என்று இரண்டு தடவை அறிவித்ததாக மதினி சிரிக்காமல் சொன்னார். ரதி புலம்பும்போது கைத்தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். பட்டினி கிடந்து அழுகிறவர் அவர்.

திரும்பும் பயணச்சீட்டை எடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கூத்து தகனத்தோடு முடிவதில்லை. எங்கள் தோட்டத்தில் மூன்றாம் நாள் காமனை உயிரெழுப்புவார்கள். கூட்டம் குறைவாக இருக்கும், பொட்டலுக்கு அருகிலேயே நின்று பார்க்கலாம். அந்த நாளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். என் விமானம் இரண்டாம் நாள் இரவு புறப்பட்டது. சத்தியக் கடதாசியில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதாகத் திங்கட்கிழமை அண்ணன் தொலைபேசியில் சொன்னார்.