லயத்தில் நோயாளிக்காக ஜெபிக்கப் போகிறவர்களுக்கு

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் டிஸ்பென்சரிக்கும் ஆள் ஓடும், ஜெபக்குழுவுக்கும் ஆள் வரும். இரண்டுமே தேவைதான். மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு 5:14 சொல்கிறது. அதே வேதத்தில்தான் எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா (2 இராஜாக்கள் 20:7). பவுலோடு லூக்கா என்ற வைத்தியரும் இருந்தார் (கொலோசெயர் 4:14). ஆகவே ஜெபிக்கப் போகிறவர் மருந்துக்கு எதிர்க்கட்சியாகப் போகக்கூடாது.

லயத்துக் காம்பராவுக்குள் (அறைக்குள்) மூன்று பேருக்கு மேல் வேண்டாம், கால் மணி நேரம் போதும். தடிமன், காய்ச்சல் உள்ளவர் போகவே கூடாது. நோயாளி பெண் என்றால் குழுவிலும் ஒரு பெண் இருக்கட்டும். குளிருக்காக ஜன்னலை அடைத்து வைத்திருப்பார்கள். இருமல்காரர் வீடென்றால் அதைத் திறந்துவிட்டு உட்காருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோயா என்று பார்க்கும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

போனவுடன் கண்ணை மூடிவிடாதீர்கள், முதலில் கேளுங்கள். டொக்டர் என்ன வருத்தம் (நோய்) என்றார்? மருந்து ஒழுங்காகப் போகிறதா, அடுத்த கிளினிக் என்றைக்கு? மனதில் என்ன பாரம்? மூன்றாவது கேள்விக்கு அவசரமாகப் பதில் வராது, காத்திருங்கள். கூரை வழியாக இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் இயேசு முதலில் பேசியது பாவமன்னிப்பை, எழுந்து நடப்பது அதற்குப் பிறகுதான் (மாற்கு 2). குடும்பச் சண்டை, கடன், பழைய குற்ற உணர்வு, சாவுப் பயம் ஆகியவற்றுக்கு மாத்திரை கிடையாது. அங்கே ஜெபத்துக்கும் ஒப்புரவுக்கும் நிறைய வேலை இருக்கிறது. ஆனால் கேட்டதைச் சத்தமாக ஜெபத்தில் சொல்லாதீர்கள். பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும், மறுநாள் வேலை செய்யும் மலையில் அதுவே பேச்சாகிவிடும்.

எண்ணெயை நெற்றியில் ஒரு துளி தொட்டால் போதும், புண்ணில் பூசக்கூடாது. கத்தோலிக்கர் வீட்டில் நோயில்பூசுதல் குருவானவர் செய்யும் அருளடையாளம், அதற்கு பங்குத்தந்தைக்குச் சொல்லியனுப்புங்கள். ஜெபித்த தண்ணீரையோ எண்ணெயையோ பக்கவாதக்காரர் வாயில் ஊற்றுவது ஆபத்து. விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பெரிய தவறு நடப்பது வலிப்பில். பிசாசு என்று நினைத்து நாலு பேர் அமுக்கிப் பிடித்து மணிக்கணக்கில் சத்தமிடுகிறார்கள். மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்புக்காரரையும்) தனித்தனியாகவே சொல்கிறது. வலிப்பு வந்தால் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். தலைக்கடியில் துணி வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் இலவசம், ஆனால் தோட்டத்தின் மேல் டிவிசன் (மேல் பிரிவு) பாதை அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் சந்தியில் நிற்கட்டும். முகம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் என்ற பக்கவாத அறிகுறிகள் என்றாலும் இதே இலக்கம்தான். மூளை இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, ஜெபத்தை வண்டியில் செய்யலாம். தற்கொலைப் பேச்சு, காதில் குரல் கேட்பது போன்றவற்றுக்கு 1926 என்ற இலக்கத்தை அழைத்தால் மனநல உதவி கிடைக்கும்.

உபவாச ஜெபத்துக்கு சீனி வருத்தக்காரரை (நீரிழிவு உள்ளவரை) கூப்பிடும் முன் டொக்டரைக் கேளுங்கள். மாத்திரையும் இன்சுலினும் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாறிய பேச்சு கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி, தெளிந்ததும் சாப்பாடு. மயங்கியவருக்கு வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள், 1990ஐ அழையுங்கள். உபவாசம் என்று இன்சுலினைத் தானாக விடுவதும் உயிருக்கே ஆபத்து.

"ஜெபித்தேன், சுகமாகிவிட்டது" என்று ஒருவர் வந்தால் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். பிரசர் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதாலும் இருக்கலாம். காசநோய் மருந்தில் சில கிழமைகளிலேயே உடம்பு தேறும், ஆனால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பும். குஷ்டம் நீங்கியதா என்று பார்த்துச் சொல்வது அன்று ஆசாரியரின் வேலை, பத்துக் குஷ்டரோகிகளையும் அவரிடம் போய்க் காட்டச் சொன்னவர் இயேசுவே (லூக்கா 17:14). கிளினிக் புத்தகத்தில் டொக்டர் எழுதி மருந்தைக் குறைத்த பிறகு சபையில் சாட்சி சொல்லட்டும்.

சுகம் வரவில்லையென்றால் "விசுவாசம் போதவில்லை", "வீட்டில் பாவம்" என்ற வார்த்தைகள் வாயில் வரக்கூடாது. வருத்தத்தோடு கிடப்பவர் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது அது. பவுல் தன் மாம்சத்தில் இருந்ததாகச் சொன்ன முள், அவர் வேண்டியும் நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12:7-9). தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை அவர் மிலேத்து என்ற ஊரில் வியாதியோடேயே விட்டு வந்தார் (2 தீமோத்தேயு 4:20). பிறவிக் குருடனுக்கு யார் பாவம் காரணம் என்ற கேள்விக்கு அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்றே இயேசு பதில் தந்தார் (யோவான் 9:3).

இன்னொன்று: மருந்து நின்றுபோவது பலநேரம் விசுவாசத்தால் அல்ல. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும், பஸ் காசும் வேண்டும். ஜெபக்குழு கிளினிக் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, முந்தின நாள் மாலையே நினைவூட்டி, ஓட்டோ காசைக் காணிக்கையிலிருந்து ஒதுக்கட்டும். வயதானவரோடு கூடப் போகிறவர் டொக்டர் சொல்வதை எழுதிக்கொண்டு வரட்டும்.