பாப்பா கன்னத்தில் கரப்பானா? அம்மாவின் தட்டில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

என் மகளுக்கு இரண்டரை மாதம் ஆனபோது கன்னத்தில் பொரிப்பொரியாக வந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததாக என் தட்டைத்தான் பார்த்தார்கள். "கத்திரிக்காய் சாப்பிட்டியா? அது கரப்பான் பண்டமாச்சே!" என்றார் ஒரு அத்தை. அடுத்து வந்தவர் மீன் என்றார், அதற்கடுத்தவர் முட்டை, பிறகு பருப்பு. நாலு வாரத்தில் எனக்கு மிஞ்சியது ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான். பசியோடு உட்கார்ந்து பால் கொடுத்தேன். கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நாலு வாரத்தை இன்னொரு தாய் வீணாக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தோலில் ஏதாவது வந்தால், காரணத்தைத் தேட ஒரு வரிசை இருக்கிறது. அதில் உங்கள் சாப்பாடு கடைசியில்தான் வரும்.

முதலில்: இது காத்திருக்கக் கூடியதா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

- மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- நீர் அல்லது சீழ் கோத்த கொப்புளங்கள், தேன் நிறத்தில் பொருக்கு
- கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள்
- உதடு, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது
- பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது

வாயோரம் கொப்புளம் வந்த யாராவது குழந்தைக்கு முத்தம் கொடுத்து, சில நாளில் குழந்தைக்கும் கொப்புளம் வந்தால் அதையும் இதில் சேருங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமான அந்தக் கிருமி பச்சிளம் குழந்தைக்கு ஆபத்தானது.

படி 1: போட்டோ எடுங்கள், தொட்டுப் பாருங்கள்

தினமும் ஒரே நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். இரண்டு கன்னத்தையும் தனித்தனியாக எடுங்கள். கூடவே அன்று புதிதாக என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்: புது சோப்பு, வெளியூர்ப் பயணம், கரண்ட் இல்லாத இரவு.

நம் நிறத் தோலில் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ சாம்பல் பூத்தோ இருக்கும். அதனால் விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா, பிசுபிசுப்பா, சூடா என்பது கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

படி 2: குழந்தையின் வயது

பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் கொசு கடித்தது போல சிவந்து, நடுவில் சின்ன வெளிர் முத்தோடு வந்து, காலையில் வயிற்றிலும் மாலையில் முதுகிலுமாக இடம் மாறினால் கவலை வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். மூன்றாவது வாரத்தை ஒட்டி நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் பரு மாதிரி வந்தால், அதுவும் தானாக அடங்கும். பிதுக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். உச்சந்தலையிலும் புருவத்திலும் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு செதில் படிவது முதல் சில மாதங்களில் சகஜம்.

உண்மையான கரப்பான், அதாவது டாக்டர்கள் எக்ஸிமா என்பது, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். வறண்டு, சொரசொரத்து, அரிக்கும். கையால் சொறிந்துகொள்ளத் தெரியாத குழந்தை முகத்தை உங்கள் தோளில் தேய்த்துக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது வீசிங், அடுக்குத் தும்மல், சின்ன வயதில் கரப்பான் இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

படி 3: எங்கே வந்திருக்கிறது?

இதில்தான் பாதி விடை இருக்கிறது. குழந்தையை முழுசாகத் துணி கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள்.

கழுத்து மடிப்பு, மார்பு, முதுகு, தொப்பி மூடும் இடம் என்றால் பெரும்பாலும் வேர்க்குருதான். சித்திரை வெயிலிலும் தொப்பி, சாக்ஸ், கம்பளி என்று சுற்றி வைக்கிறோமே, அதனால் வருவது. அவற்றைக் கழற்றி, ஃபேன் போட்டு, மெல்லிய பருத்திச் சட்டை மட்டும் போட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கத் தொடங்கும். பவுடர் வேண்டாம், அது குழந்தையின் மூச்சோடு உள்ளே போகும்.

டயப்பர் பகுதியில் என்றால் தொடை இடுக்கை விரித்துப் பாருங்கள். புடைத்த இடங்கள் சிவந்து, மடிப்பின் உள்ளே சுத்தமாக இருந்தால் ஈரமும் மலமும் பட்டு வந்த புண். மடிப்புக்குள்ளேயே நல்ல சிவப்பாக இருந்து, ஓரங்களில் தனித்தனிப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சை. அப்போது வாயையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால், உங்கள் மார்க்காம்பில் எரிச்சல் இருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம். எக்ஸிமா பொதுவாக டயப்பர் பகுதியை விட்டுவிடும், கன்னமும் கை கால்களின் வெளிப்பக்கமும்தான் அதன் இடம்.

உள்ளங்கை, உள்ளங்கால், அக்குளில் பொரிகள் இருந்து, வீட்டில் மற்றவர்களும் ராத்திரியில் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்கு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வைத்தியம் செய்ய வேண்டும்.

இனி என் கதை. டாக்டர் என் போனில் இருந்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் வலது கன்னம்தான் மோசமா இருக்கு. எந்தப் பக்கம் அதிகமா பால் கொடுக்கறீங்க?" என்றார். இடது பக்கம்தான், அதில்தான் பால் நன்றாக வரும். இடது பக்கம் குடிக்கும் குழந்தையின் வலது கன்னம் தாயின் இடது கை மடிப்பில் அழுந்தும். அங்கே இருந்தது என் நைட்டியின் நைலான் லேஸ். வாசனை திரவத்தில் அலசிய துணி, வியர்வையிலும் வழிந்த பாலிலும் நனைந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கன்னத்தில் உரசியிருக்கிறது.

பழைய வேட்டித் துணியை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். பால் குடித்ததும் கன்னத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். ஒன்பதாம் நாள் போட்டோவில் இரண்டு கன்னமும் ஒரே மாதிரி இருந்தன. அந்த வாரமே எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து சாப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை.

படி 4: தோலில் படுவதைக் குறையுங்கள்

குழந்தையின் தோலில் படும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: சோப்பு, சலவைத்தூள், வைப்ஸ், மை, சந்தனம், கஸ்தூரி மஞ்சள், வசம்பு வளையல், பாட்டியின் ஜரிகைச் சேலை. வாசனை உள்ளவற்றை முதலில் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்று என்று திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

பயத்தம் மாவு பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல தோலில் மென்மையாகத் தேய்ப்பது வேறு. வெடித்து நீர் கசியும் தோலில் தேய்த்தால் காயத்தில் அரம் போட்டது போலாகும். அதோடு, புண்ணான தோல் வழியாக உணவுப்பொருள் உள்ளே போனால் பின்னாளில் அந்த உணவுக்கே அலர்ஜி உருவாகலாம். வறண்ட தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், ஒற்றித் துடைத்த உடனே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். அது போதும்.

படி 5: இப்போது உங்கள் தட்டு

தாய்ப்பால் வழியாக உணவு அலர்ஜி வருவது உண்டு, ஆனால் குறைவு. மலத்தில் ரத்தம் அல்லது சளி, விடாத வாந்தி, எடை ஏறாமல் இருப்பது, ஒழுங்காகப் பராமரித்தும் அடங்காத எக்ஸிமா, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் சந்தேகப்படலாம். அப்படி வந்தால் முதல் சந்தேகம் பசும்பால் மேல்தான், கத்திரிக்காய் மேல் இல்லை.

டாக்டரிடம் பேசிவிட்டுப் பால் பொருட்களை மட்டும் இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்துங்கள். பால் சேர்த்த காபி, தயிர், மோர், நெய், பால்கோவா, பிஸ்கட், பால் கலந்த மால்ட் பானங்கள் எல்லாம் இதில் அடங்கும். ஆட்டுப்பாலுக்கு மாறுவதில் பயனில்லை, இரண்டின் புரதமும் ஏறக்குறைய ஒன்றே. குணமானால் மீண்டும் சாப்பிட்டுப் பாருங்கள். திரும்ப வந்தால்தான் பால் காரணம் என்று உறுதி. வராவிட்டால் தாராளமாகச் சாப்பிடலாம். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் விட்டுவிட்டு மாதக்கணக்கில் பத்தியம் இருக்கிறார்கள். ஆனால் பால் கொடுத்த உடனே தோல் தடித்து வீங்கிய குழந்தைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது.

பால் நிறுத்திய நாட்களில் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பிறகு 6 மாதத்துக்குத் தரும் கால்சியம் மாத்திரையையும் விடாதீர்கள். எந்தக் கட்டத்திலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

மருந்துக்கடைக்குப் போகும் முன்

"கொழந்தைக்குச் சொறி" என்று கேட்டால் சில கடைகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த ட்யூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் மாயமாக மறையும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். டயப்பருக்குள் தடவினால் மருந்து உடம்புக்குள்ளும் அதிகமாக இறங்கும். டாக்டர் பார்த்து, இவ்வளவு, இத்தனை நாள் என்று எழுதிக்கொடுக்கும் மென்மையான ஸ்டீராய்டு வேறு விஷயம். அதைப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

போகும்போது போட்டோக்கள், எழுதி வைத்த வரிகள், இதுவரை தடவிய எல்லா ட்யூபும் டப்பாவும், குழந்தையின் எடை எழுதிய தடுப்பூசி அட்டை, இவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தக் கையில் படுக்கவைத்துப் பால் கொடுக்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.