வெல்லப் பயப்படும் கை: ஈபே ஏலத்தில் பினாமிக் கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி

விற்பவரே இன்னொரு கணக்கிலிருந்தோ, நண்பர், வீட்டார், வேலையாள் மூலமாகவோ தன் பொருளுக்கு விலை கேட்டு ஏற்றிவிடுவதை ஷில் பிட்டிங் என்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், ஆள் வைத்து ஏற்றுவது. இணைய ஏலத் தளமான ஈபே இதை அடியோடு தடை செய்திருக்கிறது. பொருள் உண்மையிலேயே வேண்டும் என்கிற மைத்துனர்கூட ஏலத்தில் கேட்கக் கூடாது. 'இப்போதே வாங்கு' விலை இருந்தால் அதைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சல்லிசாகப் போய்விடுமோ என்று பயப்படும் விற்பனையாளருக்கு ஆரம்ப விலையைக் கூட்டிவைக்கவும், இதற்குக் கீழே தர மாட்டேன் என்கிற ரிசர்வ் விலை வைக்கவும் வழி இருக்கிறது. அதனால் இதற்குச் சாக்கே கிடையாது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஏலப் பட்டியலைப் படியுங்கள். வாங்க வந்தவருக்குத் தோற்றால் நஷ்டம். ஏற்றிவிட வந்தவருக்கு வென்றால் நஷ்டம். இந்தப் பயம் அவர் கேட்கும் நேரத்திலும் தொகையிலும் தடம் விட்டுவிடும்.

முதலில் ஏமாற்று எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் கொடுக்கும் உச்சத் தொகையை ஈபே மறைத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒவ்வொரு படியாக உங்கள் சார்பில் கேட்கும். டாலர் ஏலத்தில் 25 முதல் 99.99 வரை ஒரு படி 1 டாலர். 100 முதல் 249.99 வரை 2.50. ஒரு பழைய நாணயத்துக்கு 180 டாலர் உச்சம் போட்டிருக்கிறீர்கள், இன்னொருவர் 59 கேட்டு நின்றுவிட்டார் என்று வையுங்கள். விலை 60இல் நிற்கும். இப்போது பினாமிக் கணக்கு நுழைந்து நான்கைந்து நிமிடத்துக்குள் 75, 90, 110, 130, 150, 170 என்று கேட்கிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் தானியங்கிக் கேள்வி (ஈபே உங்களுக்காகத் தானாகக் கேட்கும் விலை) ஒரு படி மேலே போகும், விலை 172.50க்கு வந்துவிட்டது. அடுத்து 190 கேட்கிறது. உங்கள் உச்சம் உடைந்து, விலை 182.50இல் பினாமி கையில் நிற்கிறது. உங்கள் எல்லை 180 என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 'தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்' என்று காரணம் சொல்லி வாபஸ் வாங்கிவிட்டு 175 கேட்பார். நீங்கள் 177.50க்கு 'வென்றிருப்பீர்கள்'. 60 டாலரில் முடிந்திருக்கக்கூடிய ஏலம் அது.

வாபஸ் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வாபஸ் வாங்கியவரின் எல்லாக் கேள்விகளும் நீங்கும். 12 மணிக்குள் என்றால் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்தான் வாங்க முடியும், அதுவும் கடைசிக் கேள்வியை மட்டும். ஆகவே ஆழம் பார்க்கிற வேலை பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடும்.

பொருளின் பக்கத்தில் ஏலக் கேள்விகளின் எண்ணிக்கையைத் தொட்டால் வரலாறு திறக்கும். தானியங்கிக் கேள்விகளையும் காட்டச் சொல்லுங்கள். அதில்லாமல் படி ஏறிய விதம் புரியாது. பெயர்கள் இரண்டு எழுத்தும் நட்சத்திரங்களுமாக மறைத்திருக்கும். அந்த எழுத்துகளை மட்டும் வைத்து இரண்டு ஏலங்களில் ஒரே ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். மறைத்த பெயரைத் தொட்டால் அவருடைய 30 நாள் கணக்கு வரும்: மொத்தக் கேள்விகள், எத்தனை பொருள்கள், இந்த விற்பனையாளரிடம் எத்தனை சதவீதம், எத்தனை வாபஸ்.

பலர் தடுமாறுவது இந்தச் சதவீதத்தில்தான். 100 சதவீதம் என்று பார்த்தவுடன் கொதித்துவிடுகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை கேட்ட புதியவருக்கும் அது 100தான். ஒரு குறிப்பிட்ட வகை அஞ்சல்தலையைச் சேர்ப்பவர் அதையே விற்கும் ஒருவரிடம் 80 சதவீதம் கேட்பதிலும் அதிசயம் இல்லை. 30 நாளில் நாற்பது, ஐம்பது கேள்விகள், பதினைந்து பொருள்கள், எல்லாம் ஒரே விற்பனையாளர், அதிலும் நாணயம், கேமரா லென்ஸ், பொம்மை ரயில் என்று தொடர்பில்லாத சாமான்கள் என்றால் சந்தேகத்துக்குக் கனம் கூடும். அவர் கடைசியாகக் கேட்டது ஏலம் முடிய எவ்வளவு நேரம் இருந்தபோது என்பதையும் பாருங்கள். எல்லாமே ஒரு நாள், இரண்டு நாள் முன்பு என்றால், முடிவு நெருங்கும்போது விலகிவிடும் கை அது. பல வாரம் கேட்டும் ஃபீட்பேக் எண் (வாங்கி விற்றதற்கு மற்றவர்கள் தந்த மதிப்பீடுகளின் கணக்கு) நகரவே இல்லை என்றால் அவர் எதையும் வாங்கவில்லை என்று கொள்ள இடமுண்டு.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜாரட் ட்ரெவதனும் வெய்ன் ரீடும் இதற்கு மதிப்பெண் போடும் முறையையே வகுத்தார்கள். ஒரே விற்பனையாளரிடம் கேட்பது, அடிக்கடி கேட்பது, வெல்லாமல் இருப்பது, யாராவது மிஞ்சினால் உடனே திரும்பக் கேட்பது, குறைந்தபட்சப் படியில் கேட்பது, சீக்கிரமே கேட்டுவிட்டு ஒதுங்குவது ஆகிய ஆறையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான விளக்கம் இருக்கும்.

அனுபவமில்லாத புதியவரும் சின்னச் சின்னப் படியாகத்தான் கேட்பார். அவர் தான் முன்னணிக்கு வந்தவுடன் நிறுத்துவார். பின்தங்கினால் கடைசி நேரத்தில் திரும்பி வருவார். பினாமி உங்களுக்குக் கீழே, முதுகைத் தொடும் தூரத்தில் நிறுத்திக்கொண்டு திரும்பி வராது. கடைசிப் பத்து வினாடியில் ஃபீட்பேக் பூஜ்யமான இரண்டு பேர் முட்டிக்கொள்வதை நான் சந்தேகிக்க மாட்டேன்.

கூட்டுக் களவு என்றால் சதவீதம் உதவாது. 2000இல் அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததோ என்று நம்பவைக்கப்பட்ட ஓர் ஓவியத்துக்கு ஈபேயில் 1,35,805 டாலர் வரை ஏலம் போனது. விற்றவரும் கூட்டாளிகளும் பல கணக்குகளை வைத்துக்கொண்டு ஒருவர் பொருளுக்கு மற்றவர் கேட்டுவந்தது பிறகு வெளிவந்து குற்றவழக்கானது. இப்படிப்பட்ட கூட்டத்தில் இரண்டு மூன்று விற்பனையாளர்களிடையே மட்டும் கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். பிரிட்டனில் தன் மினிபஸ்ஸுக்கு இன்னொரு கணக்கிலிருந்து தானே கேட்டவருக்கு 2010இல் பிராட்போர்டு நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதமும் 250 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது.

பினாமி தப்பித்தவறி வென்றுவிட்டால் பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். விற்பனையாளரின் விற்று முடிந்த பட்டியலில் அதே படத்தைத் தேடுங்கள். நாணயத்தைத் தரம் பார்த்துச் சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டியில் அடைத்த நாணயம் என்றால் சான்றிதழ் எண்ணை ஒப்பிட்டாலே போதும். அஞ்சல்தலையில் முத்திரை விழுந்த இடத்தைப் பாருங்கள். ஒருமுறை நடந்தால் பணம் கட்டாத வாங்குபவராக இருக்கலாம். மூன்று பொருளில் நடந்தால் வேறு கதை.

தற்காப்பு எளிது: உங்கள் உச்சத்தை முன்கூட்டியே ஈபேயிடம் கொடுக்காதீர்கள். எண் உள்ளே இல்லாவிட்டால் ஆழம் பார்க்க எதுவுமில்லை. அதே பொருள் அண்மையில் விற்ற விலைகளைப் பார்த்து, தபால் செலவும் சுங்கமும் கழித்து, ஒரு தொகையைத் தீர்மானியுங்கள். முடிய ஏழெட்டு வினாடி இருக்கும்போது ஒரே ஒருமுறை கேளுங்கள். 180க்குப் பதில் 181.37 என்று போடுங்கள். பலர் முழு எண்ணில் நிற்பார்கள், தொகை சமமானால் முன்பே கேட்டவருக்குத்தான் பொருள். ஏலம் முடியும் நேரம் பசிபிக் நேரமாகக் காட்டினால், இந்திய நேரம் கோடையில் அதைவிட பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும்.

ஏற்கனவே கேட்டுவிட்டால், 'சந்தேகமாக இருக்கிறது' என்பது வாபஸுக்கு ஏற்ற காரணம் கிடையாது. பொருளின் பக்கத்திலுள்ள புகார் இணைப்பில் பொருள் எண், மறைத்த பெயர், கேட்ட நேரங்கள், இதே கை தெரிந்த மற்ற ஏலங்களின் எண்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். விற்பனையாளருக்குக் கோபமாக எழுதாதீர்கள். எழுதினால் அவர் கணக்கை மாற்றிக்கொள்வார்.

ஏலத்தில் தோற்ற சில நாளில், 'வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் உச்சத் தொகைக்கே தருகிறேன்' என்று இரண்டாம் வாய்ப்பு வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். வரலாற்றைத் திறந்து, வென்ற கை எது என்று பாருங்கள். மேலே சொன்ன தடங்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும்போது கடைசி வினாடிகளில் கேட்டுக்கொள்ளலாம். அந்த வாய்ப்பு ஈபே கணக்குக்குள் வராமல் மின்னஞ்சலில் மட்டும் வந்து, வெளியே பணம் அனுப்பச் சொன்னால், அது விற்பனையாளரிடமிருந்தே வந்திருக்காது. அதை அப்படியே ஈபேயிடம் புகார் செய்யுங்கள்.