பெயரா, விவரிப்பா? ஒரே வாக்கியத்தில் சோதிக்கலாம்

ஒரு பெயர் வெறும் விவரிப்பின் சுருக்கம்தானா என்று பார்க்க, இரண்டையும் ‘இல்லாமல் இருந்திருக்கலாம்’ என்ற வாக்கியத்தில் மாற்றிப் போடுங்கள். ‘தொட்டபெட்டா நீலகிரியின் மிக உயரமான சிகரமாக இல்லாமல் இருந்திருக்கலாம்’: தாராளமாக நிற்கிறது, பக்கத்து மலை இன்னும் வளர்ந்திருந்தால் போதும். பெயர் இருந்த இடத்தில் ‘நீலகிரியின் மிக உயரமான சிகரம்’ என்று போட்டால் வாக்கியம் தன்னையே மறுக்கிறது. காரணம், எந்தக் கற்பனைச் சூழலிலும் பெயர் இதே 2,637 மீட்டர் மலையைத்தான் பிடித்துக்கொள்ளும். விவரிப்போ அங்கே எது உயரமோ அதற்குத் தாவிவிடும். அமெரிக்க மெய்யியலாளர் சால் கிரிப்கே 1970-இல் ஆற்றிய சொற்பொழிவுகளின் உயிர்நாடி இது.

விவரிப்புக்கு முன் ‘அந்த’ சேர்த்துவிடாதீர்கள்; சேர்த்தால் அதுவும் பெயர்போல ஒட்டிக்கொள்ளும், சோதனை கெடும்.

‘நம்புகிறார்’, ‘நினைக்கிறார்’ வரும் வாக்கியங்களுக்கு இது உதவாது. ஊட்டியும் உதகமண்டலமும் ஒரே ஊர் என்று தெரியாதவர் ஒன்றைப் பற்றி நம்புவதை மற்றதைப் பற்றி மறுக்கலாம்.