முதல் கீமோவுக்கு முன்னால்: பிள்ளை பெறும் வாய்ப்பைப் பத்திரப்படுத்துவது எப்படி

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து வீட்டில் எல்லாம் ஓட்டமாக நடக்கும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், பணத்துக்கு என்ன வழி, முதல் கீமோ எப்போது. இந்த ஓட்டத்தில் இளம் வயது நோயாளிகளுக்கு விட்டுப்போகிற பேச்சு ஒன்று உண்டு: சிகிச்சை முடிந்தபின் பிள்ளை பெற முடியுமா? டாக்டரே சொல்வார் என்று நோயாளி காத்திருப்பார், நோயாளி கேட்கவில்லையே என்று டாக்டர் விட்டுவிடுவார், பெரியவர்களை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று வீட்டில் எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். தயவுசெய்து நீங்களே கேட்டுவிடுங்கள், அதுவும் முதல் கீமோ ஏறுவதற்கு முன்னால். ஆணுக்கு ஒரே நாளில் முடிந்துவிடக்கூடிய வேலை இது, பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். கீமோ தொடங்கிவிட்டால் இதே வேலை மிகவும் கடினமாகிவிடும், சிலருக்கு முடியாமலே போகும்.

ஓபியில் டாக்டரோடு கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் ஒரு தாளில் நாலு கேள்வியை எழுதி ஃபைலின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுக்கப்போகிற மருந்துகளின் பெயர் என்ன? அவை சினைப்பையை அல்லது விதையை எந்த அளவு பாதிக்கும்? சிகிச்சையை எத்தனை நாள் தள்ளிப்போட்டால் ஆபத்தில்லை? கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்க இன்றைக்கே கடிதம் தருவீர்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். "அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல உயிர்" என்று பதில் வந்தால், "சரி டாக்டர், உயிர்தான் முக்கியம், ஆனால் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வேகமாகப் பரவுகிற அக்யூட் லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் உண்மையிலேயே அவகாசம் இருக்காது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளி போதும்.

மருந்தின் பெயரைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாக் கீமோவும் ஒன்றல்ல. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு, புசல்ஃபான், மெல்ஃபலான், புரோகார்பசின் ஆகியவை இனப்பெருக்க உறுப்புகளை அதிகம் சேதப்படுத்துபவை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கனமான கீமோவில் ஆபத்து மிகவும் அதிகம். சிஸ்பிளாட்டின் நடுத்தரம். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றால் பாதிப்பு குறைவு. ரேடியேஷன் இடுப்புப் பகுதியில் விழுந்தால் சினைப்பைக்கும் விதைக்கும் நேரடி அடி, கர்ப்பப்பையும் சுருங்கும். இன்னொன்று வயது. பெண்ணின் கருமுட்டைகள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை, புதிதாக உருவாகாது, அதனால் அதே மருந்து 22 வயதுப் பெண்ணை விட 38 வயதுப் பெண்ணை அதிகம் பாதிக்கும். கருத்தரிப்பு மருத்துவர் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்வது சினைப்பையில் கருமுட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று கணிக்கத்தான்.

ஆண்களுக்கு

விந்தணுவை உறைய வைப்பதுதான் வழி, இருப்பதிலேயே எளிதும் செலவு குறைந்ததும் இதுதான். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனை எடுப்பார்கள், சேமிக்கிற எல்லோருக்கும் அது உண்டு, அதைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுக் கொடுப்பது நல்லது, ஆனால் அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முடிந்தால் ஓரிரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று மாதிரி கொடுங்கள், முடியாவிட்டால் ஒன்றாவது கொடுங்கள். இக்சி முறையில் ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தினால் போதும், எனவே எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று லேபில் சொன்னாலும் விடாதீர்கள், உறைய வையுங்கள். அது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும்.

மாதிரி எடுக்கும்போது சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது, விந்தணு செத்துப்போகும். சாதாரண ஆணுறையில் சேகரிக்கவும் கூடாது. மருத்துவமனையிலேயே தனியறை கொடுப்பார்கள். அங்கே முடியவில்லை என்றால் வீட்டிலிருந்து கொண்டுவரலாமா என்று கேளுங்கள். டப்பாவை இறுக மூடி, சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஐஸ் வைக்காதீர்கள். கொடுக்கும்போது டப்பாவில் உங்கள் பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பதினைந்து பதினாறு வயதுப் பையன்களுக்கும் இது முடியும். இங்கேதான் நம் வீடுகளில் தடுமாறுகிறோம். அம்மா கூடவே உட்கார்ந்திருந்தால் பையன் வாயே திறக்க மாட்டான். மாமாவோ சித்தப்பாவோ, அவனுக்கு யாரிடம் கூச்சமில்லையோ அவர் கூடப் போகட்டும், டாக்டர் அவனிடம் தனியாகப் பேசட்டும். எதற்கு என்று புரிந்தால் பிள்ளைகள் பெரியவர்களை விடத் தெளிவாக இருப்பார்கள். விதைப் புற்றுநோய் என்றால் விதையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு முன்பே சேமித்துவிடுவது உத்தமம். விந்தில் அணுக்களே இல்லாவிட்டாலும் விதையிலிருந்து சின்ன அறுவை சிகிச்சை மூலம் எடுத்துப் பார்க்கலாம்.

பெண்களுக்கு

கருமுட்டைகளை உறைய வைப்பதுதான் அதிகம் செய்யப்படுவது. மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாதத்தின் எந்த நாளிலும் தொடங்கலாம். பத்திலிருந்து பதினாலு நாள் வரை தினமும் ஹார்மோன் ஊசி. தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே, பக்கவாட்டில், சதையை லேசாகப் பிடித்துக்கொண்டு சின்ன ஊசியால் போடுவது, நர்ஸ் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். இந்த ஊசி மருந்துகளில் பலவற்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் அல்ல. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஐஸ் பேக்கோடு பிளாஸ்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். முட்டைகள் வளர்ந்ததும் கடைசியாக ஒரு ஊசி, இதை மட்டும் சொன்ன நேரத்துக்குப் போட்டே ஆக வேண்டும், ராத்திரி பதினொன்றரை என்றால் பதினொன்றரை. ஏனென்றால் அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரக் கணக்கு வைத்துத்தான் முட்டைகளை எடுப்பார்கள். எடுப்பது மயக்கம் கொடுத்து, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி பயமாக இருக்கும், நியாயமான பயம்தான். அதற்காகவே லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அதைக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

கல்யாணமாகாத பெண்கள் விஷயத்தில் வீட்டார் தயங்குவது ஸ்கேனுக்காக, பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பார்களே என்று. வயிற்றின் மேலாகவும் ஸ்கேன் பார்க்கலாம். முட்டையை எடுப்பது வழக்கமாகப் பிறப்புறுப்பு வழியாகத்தான், சில சமயம் வயிறு வழியாகவும் எடுக்க முடியும். இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். இந்தத் தயக்கத்துக்காக ஒரு பெண்ணின் நாளைய வாழ்க்கையை விட்டுவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கல்யாணமானவர்களுக்குக் கருமுட்டையும் விந்தணுவும் சேர்த்துக் கருவாகவே உறைய வைக்கலாம் என்று சொல்வார்கள். செய்யலாம். ஆனால் கரு இருவருக்கும் பொது, பின்னால் பயன்படுத்த இருவர் சம்மதமும் வேண்டும். கல்யாணமாகியிருந்தாலும் ஒரு பகுதியைக் கருமுட்டையாகவே வைப்பது நல்லது என்பது என் கருத்து.

இரண்டு வாரம்கூட இல்லை, அல்லது வயதுக்கு வராத சிறுமி என்றால், லேப்ரோஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்வது) மூலம் சினைப்பைத் திசுவை எடுத்து உறைய வைத்து, பின்னால் அதே உடம்பில் வைக்கும் முறை இருக்கிறது. இப்படி வைத்த திசுவிலிருந்து முதல் குழந்தை 2004ல் பெல்ஜியத்தில் பிறந்தது. 2019ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் சோதனை முயற்சி என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள். லுகீமியாவில் திசுவோடு நோய் அணுக்களும் திரும்ப உள்ளே போகும் ஆபத்து இருப்பதால் மிகுந்த கவனம் வேண்டும். வயதுக்கு வராத பையன்களுக்கு விதைத் திசுவை எடுத்து வைப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

மாதம் ஒரு ஊசி போட்டால் சினைப்பை தூங்கிவிடும், வேறொன்றும் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கோசரெலின் அல்லது லூப்ரோலைடு ஊசி, கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 28 நாளுக்கு ஒருமுறை. மார்பகப் புற்றுநோயில் இதற்குப் பலன் உண்டு. ஆனால் இது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே, முட்டையைச் சேமிப்பதற்கு ஈடாகாது. இடுப்பில் ரேடியேஷன் மட்டும் என்றால், சினைப்பையைக் கதிர் படாத இடத்துக்கு மேலே நகர்த்தித் தைத்துவைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கே, எவ்வளவு, எந்தக் கையெழுத்து

புற்றுநோய்ப் பிரிவும் கருத்தரிப்புப் பிரிவும் ஒரே மருத்துவமனையில் இருந்தால் அலைச்சல் குறையும், வேலூர் சிஎம்சி அப்படிப்பட்ட இடம். வேறு எங்கே போனாலும் 2021ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்த மையம் பதிவு செய்யப்பட்டதா என்று சான்றிதழைப் பாருங்கள். விந்தணுச் சேமிப்பு ஆயிரங்களில் முடியும், கருமுட்டைச் சேமிப்பு லட்சத்தைத் தாண்டும், இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடுகளில் எக்ஸ்க்ளூஷன் 17 என்ற பிரிவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் பணம் தர முடியாது என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, இது புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதி என்று புற்றுநோய் டாக்டரிடம் கடிதம் வாங்கி விண்ணப்பித்துப் பாருங்கள்.

சம்மதப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும், நீங்கள் இறந்துபோனால் இதை என்ன செய்வது என்று. அந்த நேரத்தில் படிக்கவே மனசு வராது, ஆனாலும் நிரப்புங்கள். சிகிச்சைக்கு முன் 2020ல் விந்தணுவைச் சேமித்துவிட்டு இறந்துபோன கல்யாணமாகாத இளைஞர் ஒருவரின் பெற்றோர், அந்த மாதிரியைப் பெற டெல்லி உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2024 அக்டோபரில்தான் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நாலு வரி எழுதி வைத்திருந்தால் அந்த அலைச்சல் குறைந்திருக்கும்.

சிகிச்சை நடக்கும்போது கருத்தடை அவசியம், ஆணுக்கும் பெண்ணுக்கும். மாதவிலக்கு நின்றுபோனாலும் கரு தரித்துவிடக்கூடும், திரும்ப வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான டாமோக்சிஃபென் எடுப்பவர்கள் அதை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தே முயல வேண்டும், அதுவும் டாக்டரிடம் கேட்டு. பாசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரை ஹார்மோன் சிகிச்சை எடுத்துவிட்டுக் குழந்தைக்காகத் தற்காலிகமாக நிறுத்திய பெண்களுக்கு, முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023ல் வெளியான முடிவுகள் காட்டின. ஹார்மோன் சிகிச்சையின் ஐந்து வருடமும் முடியட்டும் என்று காத்திருந்தே ஆக வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்க இது போதுமான காரணம்.

சேமித்த ரசீது, படிவத்தின் நகல், பதிவு எண் மூன்றையும் புற்றுநோய் ஃபைலோடு வைக்காமல் தனியாக, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். போன் எண்ணோ முகவரியோ மாறினால் மையத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள், ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். கருவாகச் சேமித்திருந்தால் சட்டப்படி 10 ஆண்டுதான் வைத்திருக்க முடியும், அந்தத் தேதியையும் ரசீதின் மேலேயே எழுதிவிடுங்கள்.