ஒரு கோடி ஆண்டு கழித்து இலங்கை எப்படி இருக்கும்? நீங்களே வரைந்து பார்க்கலாம்

புவியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும். தேவையான பொருள்கள்: கணினியில் கூகுள் எர்த் புரோ (இலவசம்தான்), நான்கைந்து ட்ரேசிங் பேப்பர், கலர் பென்சில், ஒரு கால்குலேட்டர். இலங்கையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சின்ன நாடு, மிகப் பழைய பாறை, புவித்தட்டின் விளிம்பில் இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கிறது. எரிமலை, நிலநடுக்கம் என்று குழப்பும் சங்கதிகள் குறைவு என்பதால் பழகுவதற்கு ஏற்ற இடம்.

படி 1: பாறையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அடித்தாளில் தீவின் எல்லையை வரைந்து இரண்டே நிறம் தீட்டுங்கள். தீவின் பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பழம்பாறை. மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது ஆழத்தில் வெந்து இறுகியவை. சென்னைப் பக்கம் பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னோகைட் என்ற கடினமான பாறை இங்கேயும் உண்டு. அண்டார்டிகாவிலும் இதற்கு ஒத்த பாறைகள் இருக்கின்றன.

இரண்டாவது நிறம் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை போகும் சுண்ணாம்புக்கல் பட்டைக்கு. இது மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலடியில் படிந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, ஆனால் நிலாவரை போன்ற ஆழக் கிணறு இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் குடைந்த பொந்துதான் அது. இந்தப் பகுதி ஒருமுறை கடலாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம், பின்னால் உதவும்.

படி 2: கடலை இறக்குங்கள், ஏற்றுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். வரைபடத்தை வேகமாக மாற்றுவது கடல்தான், மலை இல்லை.

கூகுள் எர்த்தில் மவுஸை நகர்த்தினால் கீழே உயரம் தெரியும். கடல்மேல் போனால் எண் மைனசில் வரும். கரையோரத்தில் அது சில மீட்டர் முன்பின் இருக்கும், நம் வேலைக்கு அது பொருட்டில்லை. தீவைச் சுற்றி -120 வரும் இடங்களில் புள்ளி வைத்துக்கொண்டே போய் இணையுங்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் கிட்டத்தட்ட அவ்வளவு கீழே இருந்தது.

கோடு முடிந்ததும் ஒன்று கண்ணில் படும். தெற்கே கரை அதிகம் நகரவில்லை, ஏனென்றால் அங்கே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடி) குறுகல். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலில் மவுஸை வைத்துக் கிழக்கே மெல்ல இழுங்கள். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டியே வருவதால் எண் சடசடவென்று இறங்கும். வடமேற்கில் கதையே வேறு. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லை. ஆகவே அங்கே கடலே இருக்காது. ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே காய்ந்த சமவெளி கிடந்திருக்கும். இரத்தினபுரியில் மாணிக்கத்துக்காக இல்லம் எனப்படும் சரளைப் படுகையைத் தோண்டும்போது நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் அகப்பட்டிருக்கின்றன. அவற்றின் மூதாதைகள் இப்படி ஒரு தரைவழியில்தான் வந்திருக்க வேண்டும். கடந்த 8 லட்சம் ஆண்டுகளாகச் சுமார் லட்சம் ஆண்டுக்கொரு முறை பனியுகம் வந்து போயிருக்கிறது, அதனால் இந்த வழி பலமுறை திறந்து மூடியிருக்கிறது.

அப்புறம் எதிர்ப்பக்கம். உலகின் பனி முழுக்க உருகினால் கடல் 65 முதல் 70 மீட்டர் ஏறும். அண்டார்டிகாவில் பெரும்பனி உண்டாகியே 3.4 கோடி ஆண்டுதான் ஆகிறது, எனவே இது வெறும் கற்பனையில்லை. வேறொரு தாளில் +70 கோட்டை வரையுங்கள். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, புத்தளம், கொழும்பு, மட்டக்களப்பு எல்லாம் தண்ணீருக்குள். சுண்ணாம்புப் பட்டை பழையபடி கடலடிக்கே போய்விடுகிறது.

படி 3: தட்டை நகர்த்துங்கள்

இது சுலபம். இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. அதில் வடக்குப் பங்கு மட்டும் ஏறக்குறைய 3.5 செ.மீ. பத்து லட்சம் ஆண்டுக்கு 35 கி.மீ., ஒரு கோடிக்கு 350 கி.மீ. ஒரு பாகை அட்சம் 111 கி.மீ. என்பதால், வகுத்தால் மூன்று பாகைக்குச் சற்று மேல். யாழ்ப்பாணம் இன்றைய சென்னையின் அட்சரேகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சென்னை நம்மோடு நகராமல் இருக்கப் போவதில்லை; அதுவும் வடக்கே போயிருக்கும், பக்கத்து வீடு மாறாது. வேகம் இப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இமயமலையில் மோதிக்கொண்டிருக்கும் தட்டு, போகப் போக வேகம் குறையலாம்.

படி 4: மலையைத் தேயுங்கள்

பீதுருதாலகால மலை 2,524 மீட்டர். இவ்வளவு மழை பெய்யும் வெப்பமண்டல நாட்டில் மலை சீக்கிரம் கரைந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மகாவலியின் மேல் படுகையில் மணலிலுள்ள பெரிலியம்-10 அணுக்களை அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. (விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, தரையின் மேற்பரப்புப் பாறையில் உண்டாகும் அணு இது; நிலம் மெல்லத் தேய்ந்தால் நிறையச் சேரும், வேகமாகத் தேய்ந்தால் குறைவாக இருக்கும்.) காடு மூடிய சரிவில் இயற்கையான அரிப்பு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து 30 மி.மீ. வரைதான். நிலம் அசையாமல், உடையாமல் கிடந்தால் மழையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஆயிரத்துக்கு 20 மி.மீ. என்று எடுத்தால் ஒரு கோடி ஆண்டில் 200 மீட்டர். சரி, அப்படியே கழித்துவிடலாமா? கூடாது. சுமை இறக்கிய தோணி மேலெழும்புவதுபோல், பாரம் குறைந்த நிலமும் எழும். மேலோட்டின் அடர்த்தி 2.7, அதன் கீழுள்ள மூடகம் என்ற பாறை அடுக்கின் அடர்த்தி 3.3, வகுத்தால் 0.82. அரித்ததில் 82 விழுக்காடு வரை திரும்ப எழ முடியும், மிச்ச இறக்கம் 36 மீட்டர்தான். தட்டு விறைப்பானது, இவ்வளவு சிறிய பரப்புக்கு முழுசாக வளைந்து கொடுக்காது என்பதால் உண்மை விடை 36க்கும் 200க்கும் நடுவே எங்கோ இருக்கும். எப்படிப் பார்த்தாலும் மலைநாடு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கும் சுவர் நிற்பதால், காற்று இன்றுபோல் வீசும்வரை மேற்கே ஈர வலயம், கிழக்கே உலர் வலயம் என்ற பிரிவும் பெரிதாக மாறாது.

படி 5: தாள்களை அடுக்குங்கள்

ஒரு கோடி ஆண்டுத் தாளில் மலையை அழுத்தமாக வரையுங்கள். கரையோரத்தை மட்டும் -120க்கும் +70க்கும் இடைப்பட்ட அகலமான பட்டையாகத் தீட்டுங்கள். அந்த நாளில் கடல் எங்கே நிற்கும் என்று ஒற்றைக் கோடு போட வழியில்லை. 5 கோடி ஆண்டுக்கு மேல் போக வேண்டாம், தட்டின் போக்கே ஊகமாகிவிடும்.

அரிப்பு எண்ணை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். அதே மகாவலிப் படுகையில் காடழித்துப் பயிரிட்ட சரிவுகளில் மண் இயற்கை வேகத்தைப்போல 10 முதல் 100 மடங்கு வரை போகிறது. போகிற மண்ணில் கணிசமான பகுதியைக் கொத்மலை, விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்கள் பிடித்துவைக்கின்றன. அணைகள் சில நூற்றாண்டு தாங்கினால் அதிகம். தேயிலை எத்தனை காலத்துக்கு, அதற்குப் பின் காடு திரும்புமா என்பதைப் பொறுத்து 20 என்ற எண்ணை நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.