பழைய டயல்-அப் மோடத்தை ஓடவைப்பது: 'ஓகே' வரும்வரை போன் லைனைத் தொடாதீர்கள்

யாரோ பயன்படுத்திய எக்ஸ்டர்னல் மோடம் (போன் லைன் வழியாகக் கணினித் தரவை அனுப்பிப் பெறும் தனிப் பெட்டி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கையேடு இல்லை, கேபிள் இல்லை, அடாப்டரும் பெரும்பாலும் இருக்காது. பரவாயில்லை, ஓடவைத்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கணினியும் மோடமும் பேசிக்கொள்ள வேண்டும், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைக்கு மோடம் 'ஓகே' என்று பதில் தர வேண்டும். அது உறுதியான பிறகுதான் போன் லைன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால், கோளாறு கேபிளிலா லைனிலா என்று தெரியாமல் பொழுது போய்விடும்.

இன்னும் வாங்கவில்லை என்றால், சீரியல் போர்ட் (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் பழைய வகை இணைப்பு) உள்ள மோடத்தையே வாங்குங்கள். கணினிக்குள் செருகும் கார்டு மோடங்களில் பல, பாதி வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடும். அவற்றுக்கு இன்றைக்கு டிரைவர் தேடுவது வீண் அலைச்சல். சீரியல் மோடம் எல்லா வேலையையும் தானே செய்யும், எந்த இயங்குதளத்தோடும் ஒத்துப்போகும்.

அடாப்டர்

பவர் துளைக்குப் பக்கத்திலோ அடிப்பக்க லேபிளிலோ உள்ளதைப் படியுங்கள். வோல்ட் எண்ணோடு நின்றுவிடாதீர்கள், அருகில் இருக்கும் குறியையும் பாருங்கள். நெளிகோடு என்றால் ஏசி. ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு வரும் சின்னக் கோடுகளும் என்றால் டிசி. அந்தக் கால மோடங்களில் பல 9 வோல்ட் ஏசி கேட்கும். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களோ கிட்டத்தட்ட எல்லாம் டிசி. முனை பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் விளக்கு மட்டும் எரிந்து மோடம் ஊமையாக இருக்கலாம், மோடமே போய்விடவும் கூடும். வோல்ட்டும் வகையும் அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் தவறில்லை, குறையக் கூடாது.

கேபிள்

அதிகம் சிக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

மோடத்தின் பின்னால் பெரும்பாலும் 25 பின் சாக்கெட் இருக்கும். பழைய கணினியிலும் அதே போல 25 துளையுள்ள ஒன்று இருக்கும், அது பிரிண்டருக்கான பேரலல் போர்ட். அதில் மாட்டவே கூடாது. கணினியின் சீரியல் போர்ட் என்பது பின்கள் வெளியே தெரியும் 9 பின் போர்ட். புதிய கணினியில் அது இருக்காது, யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வேண்டும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ளதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பழைய ப்ராலிஃபிக் சிப்களையும் அவற்றின் போலிகளையும் விண்டோஸின் புதிய டிரைவர்கள் ஏற்க மறுப்பதுண்டு.

கேபிள் மாட்டும் முன் இந்த யூஎஸ்பி-சீரியல் அடாப்டரைத் தனியாகச் சோதியுங்கள். அதன் 9 பின் முனையில் 2, 3 ஆகிய இரண்டு பின்களையும் சின்ன ஜம்பர் வயரால் இணையுங்கள். டெர்மினல் மென்பொருளில் (தட்டும் எழுத்தை போர்ட்டுக்கு அனுப்பி, வரும் பதிலைத் திரையில் காட்டும் நிரல்) ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது தரவு ஓட்டத்தை நிறுத்தித் தொடரும் வசதியை, அணைத்துவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும், வயரை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். இரண்டும் நடந்தால் அடாப்டர் சரி, மென்பொருளில் நீங்கள் தேர்ந்த காம் போர்ட் எண்ணும் (விண்டோஸ் சீரியல் போர்ட்டுக்கு வைக்கும் எண்) சரி. வயரை எடுத்த பிறகும் எழுத்து வந்தால் மென்பொருளின் லோக்கல் எக்கோ (தட்டியதைத் தானே திரையில் காட்டும் வசதி) உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

இப்போது கேபிளின் முறை. மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வையுங்கள். 9 பின் முனையின் 2, எதிரே உள்ள 25 பின் முனையில் 3-உடன் சேர வேண்டும். இந்த முனையின் 3, அங்கே 2-உடன். பார்த்தால் மாற்றிக் கட்டியது போலத்தான் இருக்கும், ஆனால் மோடத்துக்கான நேர் கேபிள் இதுதான். ஏனென்றால் 9 பின் அமைப்பில் கணினி அனுப்பும் கம்பி 3, பெறும் கம்பி 2. 25 பின் அமைப்பில் அனுப்புவது 2, பெறுவது 3. மாறாக 2-க்கு 2, 3-க்கு 3 என்று வந்தால் அது நல்-மோடம் கேபிள். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க உதவும், மோடத்துக்கு ஆகாது. பழைய கேபிள் குவியலில் இரண்டும் கலந்தே கிடக்கும், வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. (மோடத்திலும் 9 பின் என்றால் 2-க்கு 2, 3-க்கு 3 என்பதே சரி.)

அப்படியே 7-லிருந்து 4, 8-லிருந்து 5, தரைக் கம்பியான 5-லிருந்து 7 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலுக்கான 7, 8 கம்பிகள் இல்லாத கேபிளிலும் 'ஓகே' வந்துவிடக்கூடும். பெரிய ஃபைல் இறக்கும்போதுதான் இணைப்பு தடுமாறும்.

'ஓகே' வாங்குவது

விண்டோஸில் புட்டி, லினக்ஸில் மினிகாம் போதும். வேகம் 115200, 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மிகப் பழைய மோடம் என்றால் 9600-ல் தொடங்குங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் ஆர்டிஎஸ்/சிடிஎஸ். புட்டி தானாக வேறொன்றை வைத்திருக்கும், மறக்காமல் மாற்றுங்கள். லினக்ஸில் அனுமதி இல்லை என்று வந்தால், பல விநியோகங்களில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்து. 'ஏடி' என்று தட்டி என்டர். 'ஓகே' வந்தால் பெரிய வேலை முடிந்தது. இரண்டு எழுத்தும் பெரியதாகவோ இரண்டும் சிறியதாகவோ இருக்க வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் மோடம் கண்டுகொள்ளாது, அந்த இரண்டு எழுத்தை வைத்துத்தான் அது உங்கள் வேகத்தையே கண்டுபிடிக்கிறது.

ஒன்றும் தெரியவில்லையா? முந்தைய உரிமையாளர் எக்கோவையும் பதில்களையும் அணைத்துச் சேமித்திருக்கலாம். திரையைப் பார்க்காமலே 'ஏடி&எஃப்' தட்டி என்டர், அப்புறம் 'ஏடிஇ1கியூ0வி1' தட்டி என்டர். அப்போதும் மௌனம் என்றால், பின்புறமோ அடியிலோ சின்ன டிப் சுவிட்சுகள் இருக்கின்றனவா பாருங்கள். சில மாடல்களில் அவற்றில் ஒன்று கட்டளைகளையே ஏற்காத நிலைக்கு மோடத்தைத் தள்ளிவிடும். 'ஓகே' வந்ததும் 'ஏடி&டபிள்யூ' கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

போன் லைன்

'லைன்' என்ற துளையில் சுவரிலிருந்து வரும் கம்பி, 'போன்' என்ற துளையில் வேண்டுமானால் தொலைபேசி. 'ஏடிடிடி' என்று தட்டி எண்ணைச் சேர்த்து என்டர். ஓஎச் விளக்கு எரிந்தால் லைனை எடுத்துவிட்டது, சிடி விளக்கு எரிந்தால் எதிர்முனை கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். டயல் டோன், மணி, பிஸி டோன் எல்லாம் காதில் விழுந்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும். துண்டிக்க: ஒரு விநாடி கையை எடுத்துவிட்டு மூன்று பிளஸ் குறி, மறுபடி ஒரு விநாடி, 'ஓகே' வந்ததும் 'ஏடிஎச்'. பிளஸ் குறிகளுக்குப் பின் என்டர் தட்டாதீர்கள்.

லைன் இருந்தும் 'நோ டயல்டோன்' என்கிறதா? உங்கள் இணைப்பின் டோன் மோடம் எதிர்பார்ப்பது போல இல்லை. 'ஏடிஎக்ஸ்3' கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 56கே (விநாடிக்கு 56 கிலோபிட்) என்று இருந்தாலும், அந்த வேகத்துக்கு எதிர்முனை டிஜிட்டல் லைனில் இருக்க வேண்டும். 1998-ல் வந்த வி.90 தரம் அப்படி அமைந்தது. இரண்டு சாதாரண மோடங்களுக்கு இடையே உச்சம் 33.6கேதான். டயல்-அப் இணையச் சேவை தந்துவந்த அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ல் டயல்-அப்பை நிறுத்திவிட்டதால், நீங்கள் கூப்பிடப்போவது பெரும்பாலும் நண்பரின் மோடத்தையோ, இன்னும் போனில் இயங்கும் ஒரு புல்லட்டின் போர்டையோதான் (டயல் செய்து நுழைந்து செய்திகளும் ஃபைல்களும் பரிமாறும் கணினி).

பின்னர் சேர்த்தது: ஃபைபர் இணைப்போடு வரும் போன் லைனில் வேலை செய்யுமா என்று பலர் கேட்டார்கள். செய்யும், ஆனால் அந்தப் பெட்டி குரலைச் சுருக்காமல் ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் ஒரு முறை) அனுப்ப வேண்டும். குரலைச் சுருக்கும் ஜி.729 போன்றவை மோடத்தின் சத்தத்தைச் சிதைத்துவிடும். ஜி.711-லும் அடிக்கடி அறுந்தால் மோடத்தின் உச்ச வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்கான கட்டளை மாடலுக்கு மாடல் மாறும்.

இன்னொன்று, லைனே இல்லாதவர்களுக்கு. இரண்டு மோடங்களின் 'லைன்' துளைகளை ஒரே போன் கம்பியால் இணைத்து, ஒன்றில் 'ஏடிஎக்ஸ்1டி', மற்றதில் 'ஏடிஏ' கொடுங்கள். பல மோடங்கள் இப்படியே இணைந்துவிடும். சில மட்டும் கம்பியில் மின்னோட்டம் இல்லாமல் அசையாது, அவற்றுக்கு உள்ளூர் இணைப்பகம் போல நடந்துகொள்ளும் சின்ன பிபிஎக்ஸ் பெட்டி வேண்டும்.